பதினோராவது வெளிச்சம்

மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, காலில் ஒட்டியிருந்த சேற்றை வாசற்படியில் வழித்துக்கொண்டே ஆறுச்சாமி, “இன்னைக்கும் நின்னுச்சு” என்றார். சமையலறையில் அவர் மனைவி மருதாத்தாளின் கையிலிருந்த கரண்டி ஒரு கணம் தயங்கி மறுபடி சட்டியில் இறங்கியது. கூடத்தில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த மகன் பிரதீப் தலை தூக்கவில்லை. “எங்கீங்க மாமா?” என்று கேட்டது மருமகள் மௌனிகா மட்டும்தான். கேட்டிருக்கக் கூடாது. அந்தக் கேள்வியை இனி யாரும் கேட்பதில்லை என்று மற்ற இருவரும் பேசிக்கொள்ளாமலேயே முடிவு செய்து ஒரு மாதமாகியிருந்தது.

“வேலந்தாவளம் பக்கம், தென்னைக்கு மேல. எட்டு அஞ்சுக்கு வந்துச்சு. அப்படியே நின்னுச்சு. எட்டு பதினொண்ணுக்கு அணஞ்சு போச்சு, ஆரோ ஊதி உட்ட மாதிரி.”

“அது ஏரோப்ளேனுங்கப்பா” என்றான் பிரதீப், போனைப் பார்த்தபடியே.

“ஏரோப்ளேனு நிக்குமா?”

விமானம் நிற்காது என்பது, கேரள எல்லைக்குள் தமிழ் பேசும் அந்த எருத்தேன்பதியில் பால்வாடிக் குழந்தைக்கும் தெரியும். எனவே நின்றது என்று சொல்கிறவருக்குத்தான் ஏதோ ஆகியிருக்க வேண்டும்.

ஆறுச்சாமிக்கு அறுபத்தெட்டு வயது. கால்வாயின் கடைசிக் கிளையில் எட்டுத் தோட்டங்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் பாயும். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணிக்கு மதகு திறந்தது, எத்தனை மணிக்கு அடைத்தது என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பது அவர் வேலை. சம்பளம் கிடையாது, பதவிக்குப் பெயரும் கிடையாது. ஆனால் அந்தக் கால்வாயில் அவருடைய கைக்கடிகாரம் காட்டுவதுதான் மணி. கூடப் பிறந்தவர்கள் மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு எதிரெதிரே நின்ற நாட்களில்கூட, “ஆறுச்சாமி அண்ணன் நோட்டுல என்ன போட்டிருக்குது” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் மண்வெட்டியை இறக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில், அதே நோட்டில் தண்ணீர் நேரத்துக்குப் பக்கத்திலேயே அவர் வெளிச்சங்களையும் எழுத ஆரம்பித்தார். தண்ணீரைப் பற்றி எழுதியதை எல்லோரும் நம்பினார்கள். வெளிச்சத்தைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்தார்கள். ஒரே கை, ஒரே பேனா, ஒரே கடிகாரம்.

ஊரில் தலைவர் என்று பெயர் வாங்கியிருந்த ரமேஷ்குமார் மட்டும் முதலில் சிரிக்கவில்லை. எந்த விஷயமானாலும் சிரிப்பதற்கு முன்னால் ஓர் அறிக்கை விடுவது அவர் வழக்கம். அவருடைய விசிட்டிங் கார்டில் ஏழு பொறுப்புகள் அச்சாகியிருந்தன. எட்டாவது எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம் என்பதால் அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருந்தார். இந்த ஏழில் ஒன்று விவசாயிகள் சம்பந்தப்பட்டது, ஒன்று நுகர்வோர் சம்பந்தப்பட்டது, ஒன்றில் ‘சர்வதேச’ என்ற சொல் இருந்தது. மற்றவை என்ன என்று கார்டைப் பார்க்காமல் அவராலும் சொல்ல முடியாது. வானத்தில் நிற்பவை வெளிநாட்டு வேவு ட்ரோன்கள் என்று கலெக்டருக்கு மலையாளத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக மனு எழுதி, இரண்டையும் இரண்டு கையில் பிடித்தபடி எடுத்த படத்தை நான்கு வாட்ஸப் குழுக்களில் போட்டார். கலெக்டர் ஆபீசுக்கு அவை போய்ச் சேர்ந்தனவா என்று யாரும் கேட்கவில்லை. படம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை, கால்வாயை ஒட்டிய தன் மூன்று ஏக்கரின் வரப்புக் கற்களில் மஞ்சள் பெயிண்டைப் பார்த்தார் ஆறுச்சாமி. “ராத்திரி அந்த வெளிச்சம் கீழ எறங்கி நடந்துச்சுங்க. அதுதான் கல்லுக்கு அடையாளம் வெச்சுட்டுப் போயிருக்குது” என்று டீக்கடையில் சொன்னார். அன்று சாயங்காலமே ரமேஷ்குமாரின் கொள்கை மாறிவிட்டது. ட்ரோனைக் கைவிட்டார். இது மனம் சம்பந்தப்பட்ட விஷயம், வயதானவர்களுக்கு வருவதுதான், இதற்கு நல்ல மருந்து இருக்கிறது என்றார். மருத்துவமும் அந்த ஏழில் எதிலோ அடங்கியிருக்க வேண்டும்.

அந்த மூன்று ஏக்கரை ஒரு ‘பார்ட்டி’ விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பார்ட்டி யார் என்று ரமேஷ்குமாருக்கு மட்டும் தெரியும். கொழிஞ்சாம்பாறையில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருந்த பிரதீப்புக்கு, கடையைப் பெரிதாக்கிப் பொள்ளாச்சிக்கு நகர்த்திவிட வேண்டும். ஆறுச்சாமி கையெழுத்துப் போட மூன்று முறை மறுத்துவிட்டார். மூன்றாவது முறை, சொல்லவுமில்லை, எழுந்து மதகைப் பார்க்கப் போய்விட்டார். அதன் பிறகுதான் கோயமுத்தூரில் மனநல டாக்டரிடம் வருகிற திங்கட்கிழமைக்கு டோக்கன் போடப்பட்டது.

“டாக்டரு ஒரு பேப்பரு குடுத்தாப் போதும்ங்கறாரு ரமேஷண்ணன். மிச்சத்த அவரு பாத்துக்குவாரு” என்றான் பிரதீப், அப்பா ‘இன்னைக்கும் நின்னுச்சு’ என்று வந்து சொன்ன அன்றிரவு படுக்கையில்.

“என்ன பேப்பருங்க?”

“அப்பாவுக்கு நெதானம் இல்லைன்னு.”

மௌனிகா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அப்படி ஒரு பேப்பர் வந்தால் மூன்று ஏக்கர் போகும், அது போகட்டும். எட்டுத் தோட்டக்காரர்களும் நாளைக்கு நோட்டைக் கேட்கமாட்டார்கள். சாப்பிட்டேன் என்று மாமா சொன்னால்கூட வீட்டில் இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். அந்த மனிதர் மிச்ச நாளெல்லாம் தான் சொல்வதற்குச் சாட்சி தேடிக்கொண்டிருப்பார். அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

அவளுடைய தம்பி லோகேஷ் ஷார்ஜாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் இருந்தான். தான் ஊருக்கு வரும்போது விமானம் எங்கே பறக்கிறது என்று செல்போனில் பார்க்கும் ஆப் ஒன்றை அவளுக்குப் போட்டுக் கொடுத்திருந்தான். அரபிக்கடல்மேல் ஒரு மஞ்சள் விமானம் எறும்புபோல நகரும். தொட்டால் எங்கிருந்து, எங்கே, எத்தனை உயரம், எத்தனை வேகம் எல்லாம் வரும். தம்பி வராத நாட்களில் அவள் அதைத் திறந்ததில்லை.

மறுநாள் பொழுது விழுந்ததும் மாமனாரையும் மாமியாரையும் மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனாள். வடகிழக்கே தென்னந்தோப்புகளுக்கு மேலே வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. எட்டு மூன்றுக்கு அது வந்தது. வெள்ளையாக, வீட்டு விளக்கு அளவுக்கு, ஆடாமல் அசையாமல். மருதாத்தாள் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“நிக்குதுல்ல?” என்றார் ஆறுச்சாமி. அவர் குரலில் வெற்றி இல்லை, ஒரு கெஞ்சல் இருந்தது.

“நிக்குதுங்க” என்றாள் மருதாத்தாள், முப்பத்தாறு வருடத்தில் முதல் முறையாக அவர் சொன்னதை உடனே ஒப்புக்கொண்டு.

மௌனிகா போனை நீட்டினாள். வரைபடத்தில் கோயமுத்தூருக்கு வடகிழக்கே ஒரு மஞ்சள் விமானம், மூக்கை நேராக எருத்தேன்பதிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. “சென்னையிலிருந்து வருதுங்க மாமா. ஏர்போர்ட்ல எறங்கப் போகுது. ஓடுபாதை நம்ம ஊரப் பாத்து இருக்குதுங்க. அதனால முன்னாடி லைட்டப் போட்டுட்டு நேரா நம்ம மூஞ்சிக்குத்தான் வருது. நேரா நம்மள நோக்கி வர்றது நிக்கற மாதிரித்தானுங்க தெரியும். ரோட்ல எதுக்க வர்ற லாரிய ராத்திரி பாருங்க, பக்கத்துல வர்ற வரைக்கும் நின்னுட்டே இருக்கும்.”

மூவரும் போனையும் வானத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். போனில் உயரத்தின் எண் குறைந்துகொண்டே வந்தது. எண் பூஜ்யத்தை நெருங்கவும் தென்னை உச்சிக்குமேல் வெளிச்சம் அணைந்தது.

ஆறுச்சாமி கடிகாரத்தைப் பார்த்தார். “எட்டு ஒம்பது” என்றார். ஒரு மாதமாகத் தன்னைப் பயமுறுத்தியது சென்னையிலிருந்து வந்த பயணிகள் என்பது அவருக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். பிறகு கேட்டார்: “உள்ள எத்தன பேரு இருப்பாங்க அம்மிணி?”

“நூத்தம்பது, நூத்தியெம்பது பேரு இருப்பாங்க மாமா.”

“அவங்க பாத்தா நானும் கால்வாய்ல நின்னுட்டுத்தான் இருப்பேன்” என்றார். மருதாத்தாள் சிரித்தாள். அந்த வீட்டின் மாடியில் யாரோ சிரித்து நெடுநாளாகியிருந்தது.

அன்றிரவு மௌனிகா நோட்டை வாங்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பியின் கணக்கில் போனால் பழைய நாட்களின் விமானங்களையும் ஓட்டிப் பார்க்கலாம். மாமா எழுதியிருந்தது மொத்தம் பதினொரு வெளிச்சம். ஒவ்வொன்றாகத் தேதியையும் நேரத்தையும் போட்டாள். முதலாவது பெங்களூர் விமானம். இரண்டாவது மும்பை. நான்காவது வெளிச்சத்தன்று மழை, விமானம் இறங்க முடியாமல் வட்டமடித்திருந்தது, மாமாவும் ‘மூணு தடவ வந்துச்சு’ என்று எழுதியிருந்தார். நடுவில் பிடிபடாத ஒன்றைக் கடைசிக்குத் தள்ளிவைத்தாள்; மற்ற பத்து வெளிச்சத்துக்கும் பத்து விமானம் கிடைத்தது. ஒன்றில்கூட இரண்டு நிமிடத்துக்குமேல் வித்தியாசமில்லை. விமானக் கம்பெனிகள் தாமதமாக வந்திருந்தன, மாமா தாமதமாகவில்லை.

தள்ளிவைத்த பதினோராவதுக்கு மறுபடி தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. சூலூரிலிருந்து போகும் ராணுவ விமானங்கள் இந்த ஆப்பில் தெரியாது என்று தம்பி சொல்லியிருந்தான், அதுவாக இருக்கும் என்று நினைத்து மாமாவின் எழுத்தை மறுபடி படித்தாள். ‘வியாழன். தண்ணி இல்ல. 9.20. மேல இல்ல. நம்ம வரப்புல. ரெண்டு. நடந்துச்சு. கல்லுக்குக் கல்லு நின்னுச்சு. 9.55 ரோட்டுக்குப் போச்சு.’

வியாழக்கிழமை. அன்றைக்குக் கால்வாய் அடைப்பு. பைப் லோடு எடுக்கப் பொள்ளாச்சி போவதாகச் சொல்லிவிட்டுப் போன பிரதீப் பத்தரைக்குத்தான் வந்தான். மறுநாள் துவைக்கப் போட்ட அவன் பேண்ட்டில் முழங்கால்வரை நாயுருவி முள் ஒட்டியிருந்தது. பொள்ளாச்சி பைப் குடோனில் நாயுருவி எங்கிருந்து வந்தது என்று யோசிக்காமல், துவைக்கிற கல்லில் உட்கார்ந்து தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டது இப்போது விரல்நுனியில் உறைத்தது. தண்ணீர் இல்லாத நாளிலும் அப்பா மதகுப் பக்கம் போவார் என்பது மகனுக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டு டார்ச்சோடு இவனும் ரமேஷ்குமாரும் பார்ட்டிக்கு நிலத்தை அளந்து காட்டியிருக்கிறார்கள். அதை அப்பா பார்த்துச் சொன்னபோது, அது உண்மை என்று வீட்டில் தெரிந்த ஒரே ஆள் கூடவே உட்கார்ந்து அவருக்கு டோக்கன் போட்டிருக்கிறான்.

அவள் ஒரு வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் அழகாக எடுத்து எழுதினாள். தேதி, நேரம், விமானம். முன்பக்கம் பத்து நிறைந்தது. பதினோராவதை மாமா எழுதியபடியே பின்பக்கம் எழுதினாள். விமானம் என்ற இடத்தை வெறுமனே விட்டாள். காலையில் பிரதீப்பிடம் கொடுத்து, “மாமா சொன்னதெல்லாம் நெசம்ங்க. டாக்டரு வேண்டாம்” என்றாள். அவன் முன்பக்கத்தை மட்டும் பார்த்தான். “ரமேஷண்ணன்கிட்ட காட்டறேன்” என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ரமேஷ்குமாருக்கு அந்தத் தாள் தெய்வாதீனமாக வந்தது. ஆறுச்சாமியின் வெளிச்சத்தைப் பார்ப்பதற்கென்று பொழுது விழுந்தால் பத்துப்பேர் கால்வாய்க் கரையில் கூட ஆரம்பித்திருந்தார்கள். பார்ட்டியை இன்னொரு முறை கூட்டிவர அது இடைஞ்சல்; எல்லாம் விமானம்தான் என்று காட்டிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை வாயனசாலை என்ற ஊர் நூலகக் கட்டடத்தில் ‘வான்வெளி மர்மங்களும் அறிவியல் உண்மைகளும்’ என்று கூட்டம் போட்டார். பேனரில் ஒரு விமானமும் அவர் படமும் இருந்தன. விமானம் சின்னது.

நாற்பது பேர் வந்திருந்தார்கள். மேலுக்குச் சட்டை போட்டு வந்திருந்த ஆறுச்சாமி முன்வரிசையில் மகனோடு உட்கார்ந்திருந்தார். மௌனிகாவும் மருதாத்தாளும் பெண்கள் பக்கம். “அன்பார்ந்த பெருங்குடி மக்களே” என்று ரமேஷ்குமார் ஆரம்பித்தார். “பல இரவுகள் கண்விழித்து, செயற்கைக்கோள் தொழில்நுட்பத்தின் துணையோடு அடியேன் மேற்கொண்ட ஆய்வு இது.” மௌனிகாவின் தாளை உயர்த்திக் காட்டினார். அவளுடைய கையெழுத்து தூரத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

ஒன்று என்று படித்தார், பெங்களூர் என்றார். கைதட்டினார்கள். இரண்டு என்றார், மும்பை என்றார். நாலாவதில் மழையில் வட்டமடித்த விமானத்தைக் கையாலேயே வட்டமடித்துக் காட்டினார். கைதட்டல் கூடக்கூட அவர் குரலும் ஏறியது. ஒவ்வொரு விமானத்தையும் அவரே ஓட்டிக்கொண்டு வந்து இறக்கியதுபோல மூச்சு வாங்கினார். பத்தாவது முடிந்ததும் அந்த வேகத்திலேயே தாளைத் திருப்பினார்.

“பதினொன்று. வியாழன். தண்ணி இல்ல. ஒன்பது இருபது. மேல இல்ல. நம்ம வரப்புல. ரெண்டு. நடந்துச்சு...”

அங்கே குரல் இறங்கியது. ஆனால் மைக் வைத்துக்கொண்டிருந்ததால் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

“அது எந்த ஊரு ப்ளேனுங்க தலைவரே?” என்று கேட்டார் பின்வரிசையிலிருந்து ஈஸ்வரன். கால்வாயில் ஏழாவது முறைக்காரர்.

“அது... ராணுவம். சூலூர். பாதுகாப்புக் காரணங்களுக்காக விவரம் வெளியிடப்படுவதில்லை.”

“வரப்புல நடந்துச்சுன்னு போட்டிருக்குதுங்களே?”

“ஹெலிகாப்டர் தாழப் பறக்கும்போது அப்படித் தோன்றும். அது ஒரு ஒளியியல்.”

“ரெண்டு ஹெலிகாப்டரு ஆறுச்சாமி அண்ணன் தோட்டத்துல என்னத்துக்குங்க? எளநீரு குடிக்கவா?” சிரிப்பு எழுந்தது. இந்தமுறை யாரைப் பார்த்து என்பது தெளிவாக இருந்தது.

ஆறுச்சாமி எழுந்து நின்றார். கூட்டம் அடங்கியது. “ஏனுங் ரமேஷு, ஹெலிகாப்டரு கல்லுக்குப் பெயிண்டு அடிக்குமாங்க?” என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. பத்துக்குப் பதில் சொன்ன மனிதர் இதற்கும் சொல்வார் என்று நினைத்தார்.

ஏழு பொறுப்புகளில் ஒன்றுகூட ரமேஷ்குமாருக்குக் கைகொடுக்கவில்லை. அவர் தாளைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், கடைசியில், உதவிக்கு யாரைப் பார்க்கக் கூடாதோ அந்த ஆளைப் பார்த்தார். முன்வரிசையில் பிரதீப் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

ரமேஷ்குமாரின் பார்வை போன வழியிலேயே ஆறுச்சாமியின் பார்வையும் போய் மகனிடம் நின்றது. நேரம் பார்த்து எழுதுகிறவர் அவர். இரண்டு வெளிச்சம், இரண்டு ஆள். அது அவருக்குள் சேர்ந்த கணத்தை மௌனிகா பார்த்தாள். தோள் கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவள் பின்பக்கம் எழுதியதே உண்மை வெளியே வர வேண்டும் என்றுதான். அவர் சொல்லாவிட்டால் தானே எழுந்து சொல்வதாக இருந்தாள்.

“அதொண்ணு மட்டும்...” என்றார் ஆறுச்சாமி. மகனிடமிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். “அதொண்ணு மட்டும் எனக்கு அப்படித் தோணியிருக்கும்ங்க. அன்னிக்குத் தண்ணி முறையும் இல்ல. நான் அங்க போகவே இல்லைன்னு நெனைக்கறேன். வயசாச்சுல்ல.”

உட்கார்ந்துவிட்டார். ரமேஷ்குமாருக்கு உயிர் வந்தது. “பாருங்கள், இதைத்தான் நான் முதலிலிருந்தே” என்று ஆரம்பித்து, முதியோர் மனநலம் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். கடைசியில் கைதட்டினார்கள். ஈஸ்வரன் தட்டவில்லை. வெளியே வரும்போது ஆறுச்சாமியின் பக்கத்தில் வந்து, “அண்ணா, நாளன்னிக்கு என் முறை எத்தன மணிக்குங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள், “பரவால்லீங்க, நானே கேட்டுக்கறேன்” என்று போய்விட்டார். யாரிடம் கேட்பார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. மௌனிகா எழுந்து எதையும் சொல்லியிருக்கவில்லை. எழவிடாமல் மாமியார் அவள் மணிக்கட்டை எப்போது பிடித்தாள், ஏன் பிடித்தாள், மாமியாருக்கும் தெரிந்துவிட்டதா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

இரவு தோசை ஊற்றும்போது மௌனிகா மெல்ல, “ஏனுங் மாமா அப்படிச் சொன்னீங்க?” என்றாள்.

“எப்படி?”

“போகவே இல்லைன்னு.”

ஆறுச்சாமி தோசையைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார். “அவன் நாளைக்கும் இந்தப் பக்கத்துலதான அம்மிணி கடை தொறக்கோணும்” என்றார். கூடத்தில் பிரதீப்பின் போன் மணியடித்து, எடுக்கப்படாமல், நின்றது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கே ஆறுச்சாமி குளித்து, சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு இட்டு வாசலில் நின்றார். கல்யாணத்துக்குப் போகிறவர்போலிருந்தார். மருதாத்தாள் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டார். பிரதீப் காரை வெளியே எடுத்தான். ராத்திரியெல்லாம் விழித்திருந்த முகம். “பின்னாடி உக்காருங்கப்பா, காலு நீட்டிக்கலாம்” என்றான். அவர் முன்பக்கக் கதவைத் திறந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். “உனக்கு வழில பேச்சுத்துணைக்கு ஆளு வேணும்ல” என்றார். பிரதீப் கியரைப் போட்டான்.

கார் மண்பாதையில் மெதுவாகப் போனது. மௌனிகாவும் மருதாத்தாளும் கேட்டருகில் நின்றார்கள். பாதை தார் ரோட்டில் சேருமிடத்தில், இடதுபக்கம் திரும்பினால் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர். வலதுபக்கம் கொழிஞ்சாம்பாறை, கடை. அங்கே போய்க் கார் நின்றது. இடதுபக்க இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிந்தது. ஒரு பால் வேன் கடந்தது. கள் பானை ஏற்றிய ஜீப் ஒன்று கடந்தது. அதன் பிறகு ரோடு இருபக்கமும் காலியாகவே இருந்தது.

வெயிலில் கண் கூசிய மருதாத்தாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “போய்ட்டாங்களா?” என்றாள்.

“இல்லீங்க அத்தை” என்றாள் மௌனிகா.

முன்சீட்டில் இரண்டு தலைகள் தெரிந்தன. ஒன்று நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. மற்றொன்று ஸ்டீயரிங்கின்மேல் குனிந்திருந்தது. காலை வெயிலில் இண்டிகேட்டர் எரிவதும் அணைவதும் சரியாகத் தெரியவில்லை.